இதயப்புழு: மாத்திரை தேதியில இருந்து கொசுத்தொட்டி வரைக்கும் வீட்ல பாத்துக்க வேண்டியது

நாய்க்கு மாசாமாசம் குடுக்கற இதயப்புழு மாத்திரை என்ன செய்யும்னு கேட்டா நிறைய பேர் "இன்னைக்கு குடுத்தா அடுத்த ஒரு மாசத்துக்கு கவலை இல்ல"ன்னுதான் சொல்வாங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அது தப்பு. அந்த மாத்திரை பின்பக்கமா வேலை செய்யுது, அதாவது போன ஒரு மாசத்துல கொசு உள்ள விட்டுட்டுப் போன குட்டிப் புழுக்களை இன்னைக்குக் கொல்லுது, அவ்வளவுதான், நாளைக்கு கடிக்கப்போற கொசுவைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. இது ஒண்ணு மனசுல பதிஞ்சாச்சுன்னா எப்ப குடுக்கணும், மறந்தா என்ன பண்ணணும், ஒழுங்கா குடுத்தும் ஏன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க எல்லாமே தானா புரிஞ்சிடும், அதனால முதல்ல அதையே கொஞ்சம் விரிவா சொல்றேன்.

புழுவோட பேரு டைரோஃபைலேரியா இமிட்டிஸ். வளர்ந்த பெண் புழு 25ல இருந்து 30 சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் மாதிரி இருக்கும். குடியிருக்கற இடம் இதயத்துல இருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய், எண்ணிக்கை கூடிப்போனா இதயத்தோட வலது பக்கத்துக்குள்ளயே வந்துடும். நாய்க்குள்ள 5ல இருந்து 7 வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும். பெண் புழு முட்டை போடறதில்ல, மைக்ரோஃபைலேரியான்னு கண்ணுக்குத் தெரியாத குட்டிகளை நேரா ரத்தத்துல விடுது. கொசு அந்த நாயைக் கடிக்கும்போது ரத்தத்தோட குட்டிகளும் கொசுவுக்குள்ள போகுது, நல்ல வெயில் காலமா இருந்தா 10ல இருந்து 14 நாள்ல அங்கயே வளர்ந்து தொத்தற நிலைக்கு வந்துடும் (14 டிகிரி செல்சியஸுக்கு கீழ குளிர் இறங்கினா இந்த வளர்ச்சி நின்னுடும்). அதே கொசு இன்னொரு நாயைக் கடிக்கறப்போ கடிச்ச ஓட்டை வழியா உள்ள நுழைஞ்சிடுது. கொசு நடுவுல இல்லாம ஒரு நாய்கிட்ட இருந்து இன்னொரு நாய்க்கு இந்த நோய் வராது, நக்கினாலும் ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. வயித்துல இருக்கற குட்டிநாய்க்கு தாய்கிட்ட இருந்து மைக்ரோஃபைலேரியா போகலாம், ஆனா அதுங்க கொசுவுக்குள்ள போய் வளராம பெரிய புழுவா ஆக முடியாது.

உள்ள நுழைஞ்ச புழு முதல் ரெண்டு மாசம் தோலுக்கு அடியிலயும் தசைக்குள்ளயும் ஊர்ந்துட்டே சட்டை உரிச்சு சட்டை உரிச்சு வளருது. 50 நாள் தாண்டினதும் கடைசி சட்டையையும் உரிச்சிட்டு இளம் புழுவா மாறி ரத்தக்குழாய் பக்கம் கெளம்பும், 6, 7 மாசத்துல முழு வளர்ச்சி வந்து அதுவும் குட்டி விட ஆரம்பிக்கும். மாசாந்திர மருந்து எல்லாமே (ஐவர்மெக்டின், மில்பிமைசின், செலாமெக்டின், மாக்ஸிடெக்டின், எந்த பிராண்டா இருந்தாலும் இதுல ஒண்ணுதான் உள்ள இருக்கும்) நம்பிக்கையா கொல்றது அந்த ஆரம்ப நிலைப் புழுக்களைத்தான். இளம் புழுவா மாறிட்டா அந்த சின்ன டோஸ் அதைத் தொடாது.

தேதி போட்டு பாருங்க. ஜூன் 1 மாத்திரை குடுத்தீங்க. ஜூன் 5 கொசு கடிச்சு புழு உள்ள போச்சு. ஜூலை 1 மாத்திரை குடுக்கறப்போ அந்த புழுவுக்கு 26 நாள் வயசு, செத்துடும். ஜூலை மாத்திரையை மறந்துட்டு ஆகஸ்ட் 1 குடுக்கறீங்கன்னு வைங்க, இப்போ அதே புழுவுக்கு 57 நாள், தப்பிச்சிடலாம். தப்பிச்சிட்டா அதுக்கு அப்புறம் நீங்க மாசம் தவறாம குடுத்தாலும் அது பாட்டுக்கு நுரையீரல் குழாய்ல உக்காந்து வளரும். ஒரே ஒரு மாத்திரைதான் விட்டுப்போச்சுன்னு நம்ம கணக்கு, புழு கணக்குல ரெண்டு மாசம்.

இப்போ எப்படி குடுக்கறதுன்னு பாக்கலாம். குட்டிநாய்க்கு 8 வார வயசுலயே ஆரம்பிச்சிடலாம், 7 மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா முன்னாடி டெஸ்ட் தேவையில்ல ஏன்னா அந்த வயசுல பாசிட்டிவ் காட்ட புழு வளர்ந்தே இருக்காது, ஆனா ஆரம்பிச்சு 6 மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்தே ஆகணும். பெரிய நாயைத் தத்து எடுத்தா மாத்திரைக்கு முன்னாடி டெஸ்ட், ஏன்னா ரத்தம் நிறைய மைக்ரோஃபைலேரியா இருக்கற நாய்க்கு திடீர்னு மருந்து போனா அதுங்க மொத்தமா செத்து நாய்க்கு ஷாக் மாதிரி ஆகலாம். அப்புறம் எடை. அட்டைல இத்தனை கிலோவுல இருந்து இத்தனை கிலோன்னு போட்டிருக்கும், வளர்ற குட்டி ரெண்டு மாசத்துல அடுத்த கட்டத்துக்குப் போயிடும், போன தடவை வாங்கின டப்பாவுல மிச்சம் இருக்குன்னு அதையே குடுக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் எடை பாருங்க. நாயைத் தூக்கிட்டு நீங்க ஒரு தடவை, நீங்க மட்டும் ஒரு தடவை மெஷின்ல ஏறி கழிச்சா எடை வந்துடும்.

கடிச்சு திங்கற வகை மாத்திரைன்னா கையில வச்சு, கண் முன்னாடி மென்னு முழுங்கற வரைக்கும் நில்லுங்க. தட்டுல போட்டுட்டுப் போனா சில நாய் அதை மட்டும் ஒதுக்கி சோபாவுக்கு அடியில தள்ளிட்டு வந்துடும், நீங்க குடுத்தாச்சுன்னு காலண்டர்ல டிக் போட்டிருப்பீங்க. முழுங்கின கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்தா டாக்டருக்கு போன் பண்ணி திரும்ப குடுக்கணுமான்னு கேளுங்க. தோல்ல ஊத்தற சொட்டு மருந்துன்னா முடியை விலக்கி தோல் தெரியற இடத்துல, நக்க முடியாத பிடரில ஊத்தணும், முடி மேல ஊத்தினா முடியோட போச்சு. தேதிக்கு, மாசத்துல 1ம் தேதி மாதிரி ஞாபகத்துல நிக்கற ஒண்ணை வச்சுக்கோங்க, வீட்ல ரெண்டு பேரோட போன்லயும் அலாரம் வைங்க. இவ்வளவும் நமக்கு சரிப்பட்டு வராதுன்னு தோணுச்சுன்னா 6 மாசம் இல்ல 12 மாசம் நிக்கற மாக்ஸிடெக்டின் ஊசி சில நாடுகள்ல கிடைக்குது, டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்.

மறந்துட்டீங்களா? நாலஞ்சு நாள்தான் தள்ளிப்போச்சுன்னா ஞாபகம் வந்த அன்னைக்கே குடுத்துட்டு அதுல இருந்து மாசக் கணக்கு வைங்க, பெரிய பாதிப்பு வராது. ஒரு மாத்திரை முழுசா விட்டுப்போச்சுன்னா உடனே குடுங்க, ரெண்டு மாத்திரையா சேர்த்து குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி இப்ப ஒரு டெஸ்ட், 6 மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட்னு எழுதி வச்சுக்கோங்க. அந்த ரெண்டாவது டெஸ்ட்தான் முக்கியம். ஏன்னா கிளினிக்ல சாதாரணமா எடுக்கற ஆன்டிஜன் டெஸ்ட் வளர்ந்த பெண் புழு விடற ஒரு பொருளைத்தான் பிடிக்குது, புழு நுழைஞ்சு 5, 6 மாசம் ஆகாம அது ரத்தத்துல வராது. மேல சொன்ன கணக்குல ஆகஸ்ட் 1 டெஸ்ட் எடுத்தா நெகட்டிவ்தான் வரும், சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவீங்க. பிப்ரவரில எடுத்தாதான் உண்மை தெரியும்.

எங்க நாய்க்கு இதுதான் ஆச்சு. வீடு மாறின சமயத்துல மாத்திரை டப்பா எந்தப் பெட்டிக்குள்ள போச்சுன்னு தெரியாம ரெண்டு மாசம் விட்டுப்போச்சு, அப்புறம் ஒழுங்கா ஆரம்பிச்சு குடுத்துட்டே இருந்தோம், டெஸ்ட் எடுக்கணும்னு யாரும் சொல்லல, எங்களுக்கும் தெரியல. ஒரு வருஷம் கழிச்சு லேசா வறட்டு இருமல், ஓடி விளையாடினா முன்ன மாதிரி இல்லாம பாதில உக்காந்துடுச்சு. முதல்ல காட்டின இடத்துல தொண்டைல பிரச்சனைன்னு சிரப் குடுத்தாங்க, மூணு வாரம் அதுலயே போச்சு. அடுத்து பாத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "மாத்திரை எப்பயாச்சும் விட்டுப்போச்சா?"ங்கறதுதான், ரத்தம் எடுத்து சில நிமிஷத்துல கிட்ல கோடு வந்துடுச்சு. அதனால சொல்றேன், இருமல், சீக்கிரம் களைச்சுப் போறது, எடை குறையறது, மூச்சு வாங்கறது, வயித்துல நீர் கோத்துக்கறது இதெல்லாம் வர்றப்போ புழு உள்ள வந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். ஆரம்பத்துல அறிகுறியே இருக்காது. திடீர்னு மயங்கி விழுந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் காபிக் கலர்ல போனா புழுக்கூட்டம் இதயத்துக்குள்ளயே ரத்தத்தை அடைக்குதுன்னு அர்த்தம், அது எமர்ஜென்சி, கழுத்து ரத்தக்குழாய் வழியா புழுவை வெளிய எடுத்தாதான் பிழைக்கும்.

அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி சொல்றது சுலபமான கணக்கு: வருஷத்துல 12 மாசமும் மருந்து, 12 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். டெஸ்ட்னா ஆன்டிஜன், அதோட ஒரு சொட்டு ரத்தத்துல மைக்ரோஃபைலேரியா இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பாக்கறது, ரெண்டும் சேர்த்து. சில நாய்க்கு ரத்தத்துல மைக்ரோஃபைலேரியா இருந்தும் ஆன்டிஜன் டெஸ்ட் நெகட்டிவ் காட்டும், அதனாலதான் ரெண்டு.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி மருந்து மலிவா கிடைக்குது, அதையே சொட்டு சொட்டா நாய்க்கு குடுக்கலாம்னு எழுதறவங்க இருக்காங்க. கணக்கு போட்டுப் பாருங்க. தடுப்புக்கு வேண்டியது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், 20 கிலோ நாய்க்கு 120 மைக்ரோகிராம். 1 சதவீத ஊசி மருந்துல 1 மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கு. அப்போ வேண்டியது 0.012 மில்லிலிட்டர், சின்ன சிரிஞ்சுல ஒரு கோடு அளவு. கை கொஞ்சம் தவறினா பத்து மடங்கு, இருபது மடங்கு போயிடும். கோலி மாதிரி சில இன நாய்களுக்கு மூளைக்குள்ள மருந்து போகாம தடுக்கற ஜீன் பழுதா இருக்கும், அதுங்களுக்கு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் போனாலே நடுக்கம், கண் தெரியாம போறது, கோமா வரைக்கும் போகலாம். சரியான 6 மைக்ரோகிராம் மாத்திரை அந்த நாய்களுக்கும் பாதுகாப்புதான், பிரச்சனை அளவுல.

பாசிட்டிவ் வந்துட்டா வீட்ல முதல்ல செய்ய வேண்டியது ஓட்டத்தை நிறுத்தறது, அன்னைக்கே. புழு இருக்கற ரத்தக்குழாய்ல வேகமா ரத்தம் பாய்ஞ்சா நுரையீரல் இன்னும் கெடும். அப்புறம் டாக்டர் எக்ஸ்ரே, எக்கோ எடுத்து எவ்வளவு பாதிப்புன்னு பாத்துட்டு பொதுவா டாக்ஸிசைக்ளின் 28 நாள் குடுப்பாங்க. புழுவுக்கு எதுக்கு பாக்டீரியா மருந்துன்னு நானும் கேட்டேன். இந்தப் புழுவுக்குள்ள வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா குடித்தனம் இருக்கு, அது இல்லாம புழு பலமா இருக்க முடியாது, அதைக் கொன்னா புழு வலு இழந்துடும், பின்னாடி புழு சாகும்போது வர்ற வீக்கமும் குறையும். கூடவே மாசாந்திர தடுப்பு மருந்தும் தொடரும், புதுசா எதுவும் உள்ள வரக்கூடாதுல்ல. அதுக்கு அப்புறம் மெலார்சோமின்னு ஆர்சனிக் சேர்ந்த ஊசி, 60ம் நாள் ஒண்ணு, 90, 91ம் நாள் ஒண்ணு ஒண்ணு, இடுப்புக்கு மேல முதுகுத் தசைல ஆழமா போடுவாங்க, வலிக்கும். மெலார்சோமின் கிடைக்காத ஊர்கள்ல டாக்ஸிசைக்ளினோட மாக்ஸிடெக்டின் சேர்த்து மெதுவா கொல்ற வழிய எடுப்பாங்க, அதுல மாசக்கணக்கா புழு உயிரோட இருந்து கெடுதல் பண்ணிட்டே இருக்கும், வேற வழி இல்லாதப்போதான் அது.

உண்மையான கஷ்டம் ஊசிக்கு அப்புறம் தொடங்குது. செத்த புழு துண்டு துண்டா உடைஞ்சு நுரையீரலோட சின்னக் குழாய்கள்ல போய் அடைக்கும், உடம்பு அதை மெல்ல மெல்ல கரைக்கணும். அந்த சமயத்துல நாய் ஒரு தடவை பூனையைத் துரத்திட்டு ஓடினாலே ஆபத்து. கடைசி ஊசிக்கு அப்புறம் 6ல இருந்து 8 வாரம் கூண்டு இல்லன்னா ஒரு சின்ன ரூம், சிறுநீர் கழிக்க மட்டும் சின்ன கயிறுல வெளிய, படி ஏற விடாம. எங்களுக்கு ஊசியை விட இதுதான் கஷ்டமா இருந்துச்சு, அதுக்கு உடம்பு நல்லா ஆயிட்ட மாதிரி தோணுது, வாலை ஆட்டிட்டு வாசலைப் பாக்குது, நாம கதவை மூடறோம். நான் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துப்பேன், சாப்பாட்டை ஒரே தடவையா தட்டுல போடாம துணி சுருட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு தேட விடுவேன், மூக்குக்கு வேலை குடுத்தா கால் அடங்கும். டாக்டர்கிட்ட கேட்டு அமைதியாக்கற மாத்திரையும் வாங்கிக்கலாம், அதுல தப்பே இல்ல. இருமல்ல ரத்தம், காய்ச்சல், சாப்பிடாம சுருண்டு படுக்கறது, வேகமா மூச்சு, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு போங்க, ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள் ரொம்ப கவனம். கடைசி ஊசில இருந்து 9 மாசம் கழிச்சு ஆன்டிஜன் டெஸ்ட், அது நெகட்டிவ் வந்தாதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்களுக்கு வந்துச்சு, அன்னைக்கு நான் கிளினிக் வாசல்லயே உக்காந்து அழுதேன்.

பூனை வச்சிருக்கவங்க இதைத் தாண்டிப் போயிடாதீங்க. பூனைக்கும் வரும், வீட்டுக்குள்ளயே இருக்கற பூனைக்கும் வரும், கொசுவுக்கு ஜன்னல் போதும். பூனைக்குள்ள பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மூணு புழுதான் இருக்கும், ஆயுசும் 2ல இருந்து 4 வருஷம்தான், ஆனா பூனை நுரையீரல் இளம் புழு வந்து சேர்றதுக்கே ரொம்ப மோசமா வீங்கிடும், ஆஸ்துமா மாதிரி இருமல், மூச்சுத் திணறல், காரணமே இல்லாத வாந்தி. சிலது அறிகுறியே காட்டாம திடீர்னு செத்துப் போகும். கொடுமை என்னன்னா நாய்க்குப் போடற மெலார்சோமின் பூனைக்குப் போடக் கூடாது, வந்த பிறகு கொல்ற மருந்துன்னு ஒண்ணு பூனைக்கு இல்ல, வீக்கத்தை அடக்கி காலத்தை ஓட்டணும். டெஸ்ட்டும் சுலபமா பிடிக்காது. அதனால பூனைக்கு தடுப்பு மட்டும்தான் வைத்தியம், பிடரில ஊத்தற செலாமெக்டின் மாதிரி பூனைக்குன்னே வர்றதை மாசாமாசம்.

கொசுவைத் துரத்தறேன்னு விஷம் வச்சுடாதீங்க. பெர்மெத்ரின் இருக்கற நாய்ச் சொட்டு மருந்து நாய்மேல கொசு உக்காராம இருக்க நல்லா உதவும், ஆனா அதே மருந்து பூனை மேல பட்டா வலிப்பு வந்து செத்துப்போகலாம், ரெண்டும் ஒண்ணா தூங்கற வீடுன்னா காயற வரைக்கும் பிரிச்சு வைங்க, இல்லன்னா வேற மருந்து கேளுங்க. கொசு கடிக்காம இருக்க நாம பூசிக்கற டீட் கலந்த கிரீமை செல்லங்களுக்கு பூசாதீங்க, நக்கிடும். டீ ட்ரீ எண்ணெயும் வேண்டாம். தண்ணி விஷயம்தான் பெரிய பலன் தரும்: வெயில் காலத்துல முட்டைல இருந்து பறக்கற கொசு வர 7ல இருந்து 10 நாள் போதும், அதனால வாரத்துல ஒரு நாள் வச்சு நாயோட தண்ணிக் கிண்ணம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஏசித் தண்ணி விழற வாளி எல்லாத்தையும் கவுத்துடுங்க. கவுத்தா மட்டும் போதாது, உள்பக்கத்தை பிரஷ் போட்டு தேய்க்கணும், ஏடிஸ் கொசு முட்டை பாத்திரச் சுவர்ல ஒட்டிட்டு காஞ்சே மாசக்கணக்கா இருந்து திரும்ப தண்ணி பட்டதும் பொரிக்கும். ஏடிஸ் பகல்ல கடிக்கும், கியூலெக்ஸ் ராத்திரில, ரெண்டுமே இந்தப் புழுவைச் சுமக்கும், அதனால சாயங்காலம் மட்டும் ஜன்னலைச் சாத்தினா போதாது, வலை அடிக்கணும்.

இப்போ மனுஷங்களுக்கு. நாய்க்கு இருந்தா குழந்தைக்கு ஒட்டுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நாய்கிட்ட இருந்து நேரா ஒட்டாது, கொசு கடிச்சு எப்பயாச்சும் நம்ம உடம்புக்குள்ள வரலாம், ஆனா நம்ம உடம்புல அது பெரும்பாலும் வளராம செத்துப்போகும். இமிட்டிஸ் நுரையீரல்ல போய் செத்தா எக்ஸ்ரேல காசு மாதிரி வட்டமா ஒரு நிழல் தெரியும், புத்துநோயோன்னு பயந்து ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பாத்த பிறகுதான் புழுன்னு தெரிஞ்ச கதைகள் நிறைய. அதோட சொந்தக்காரப் புழு டைரோஃபைலேரியா ரெபன்ஸ், ஐரோப்பாவுலயும் ஆசியாவுலயும் இருக்கு, நாயோட தோலுக்கு அடியில வாழும், சாதாரண ஆன்டிஜன் டெஸ்ட்ல பிடிபடாது. மனுஷனுக்கு வந்தா தோலுக்கு அடியில இடம் மாறற கட்டி, சில சமயம் கண்ணோட வெள்ளைப் பகுதில நெளியறது கண்ணாடில தெரியும். பாக்க பயங்கரமா இருந்தாலும் கண் டாக்டர் முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும். நீங்களா குத்தியோ கசக்கியோ எடுக்க முயற்சி பண்ணாதீங்க, நாய் மாத்திரையைப் போட்டுக்காதீங்க, எடுத்த புழுவை மட்டும் லேப்ல என்ன இனம்னு பாக்கச் சொல்லுங்க.

யானைக்கால் வேற புழு, உச்சரேரியா பான்கிராஃப்டி, புரூகியா மலாயி இதெல்லாம், ஆனா குடும்பம் ஒண்ணுதான், கொசுவழியும் ஒண்ணுதான், உள்ள அதே வோல்பாக்கியாவும் இருக்கு. கொசுவுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு 1877ல பேட்ரிக் மேன்சன் சீனாவுல இருந்தப்போ கண்டுபிடிச்சாரு. யானைக்கால் குட்டிப் புழு பெரும்பாலான இடங்கள்ல ராத்திரி 10 மணில இருந்து 2 மணிக்குள்ளதான் வெளி ரத்தத்துல அதிகமா வரும், அதனாலதான் ராத்திரில ரத்தம் எடுக்க வர்றாங்க, தூக்கம் கெடுதுன்னு திருப்பி அனுப்பாதீங்க. கால் ஏற்கனவே வீங்கிட்டவங்க தினம் சோப்பு போட்டு மெதுவா கழுவி, விரல் இடுக்கு ஈரம் இல்லாம ஒத்தி எடுத்து, சின்ன கீறல் இருந்தாலும் மருந்து போட்டு, உக்காரும்போது காலை உயர்த்தி வச்சு, கணுக்காலை அடிக்கடி ஆட்டிட்டு இருந்தா காய்ச்சலோட வர்ற வலி ரொம்ப குறையும். அந்த வீக்கம் தொட்டா ஒட்டாது, பக்கத்துல உக்காரத் தயங்காதீங்க.

யானைக்கால் பரவல் இருக்கற இடங்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் டைஎதில்கார்பமசின், ஆல்பெண்டசோல் மாத்திரை குடுப்பாங்க, சில இடங்கள்ல ஐவர்மெக்டினும் சேரும். கர்ப்பிணிகள், 2 வயசுக்குள்ள குழந்தைங்க, ரொம்ப உடம்பு முடியாதவங்க தவிர மத்தவங்க எல்லாரும் போடணும். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு நிறைய பேர் வாங்கி வச்சுட்டு போடறதில்ல, நாய் விஷயத்துல நான் பண்ணின அதே தப்பு, அறிகுறி இல்லாத ரத்தத்துல இருந்துதான் கொசு குட்டியை எடுத்துட்டுப் போகுது. போட்ட பிறகு காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தா மருந்து ஒத்துக்கலன்னு நெனச்சு அடுத்த வருஷம் விட்டுடாதீங்க, பெரும்பாலும் அது உள்ள இருந்த புழு சாகறதால வர்றது, ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிடும், அடங்கலன்னா டாக்டரைப் பாருங்க. வெறும் வயித்துல மட்டும் போடாதீங்க, குடுக்க வந்தவங்க நிக்கறப்பவே தண்ணி குடிச்சு முழுங்கிடுங்க.